தோல் கலத்திலிருந்து கருமுட்டை: பொறுத்திருக்கலாமா, இப்போதே தொடங்கலாமா?

2025 செப்டம்பர் கடைசியில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் இருந்து வந்த ஒரு செய்தி எங்கள் சொந்தக்காரரின் வட்ஸ்அப் குழுவையும் எட்டியது. பெண்ணின் தோல் கலத்தை (செல்லை) வைத்துக் கருமுட்டை செய்துவிட்டார்களாம். அனுப்பியது டொரொன்டோவில் இருக்கும் மாமி. அன்றிரவே தங்கச்சி முறையான ஒருத்தி எனக்கு அழைத்தாள். கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறாள், வயது 36, கலியாணமாகி ஆறு வருடம். "அக்கா, இன்னும் கொஞ்ச வருசம் பொறுத்தா எங்கட தோலில இருந்தே முட்டை செய்து தருவினமாம். பிறகேன் இப்ப லட்சக்கணக்கில காசைக் கொட்டுவான்?"

உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள் என்பதால் இப்படியான கேள்விகள் என்னிடம்தான் வரும். இது நியாயமான கேள்வியும்கூட. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவளுக்குக் காத்திருப்பது சரிவராது. ஆனால் இதையே வேறொருவர் கேட்டால் என் பதில் மாறும். விந்தில் ஒரு விந்தணுகூட இல்லாத ஆண், 28 வயதிலேயே மாதவிலக்கு நின்றுபோன பெண், மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலையில் கீமோ தொடங்கவிருக்கும் பிள்ளை, இவர்கள் எல்லோருக்கும் ஒரே புத்திமதி சொல்ல ஏலாது. சொந்த முட்டையையும் விந்தணுவையும் உடம்புக்கு வெளியே சேர்த்துக் கருவாக்கும் ஐ.வி.எஃப். முறையை இப்போதே செய்வது, இன்னொருவரின் முட்டையையோ விந்தணுவையோ ஏற்பது, மகவேற்பு (பிள்ளையைத் தத்தெடுப்பது), உறையவைத்துப் பாதுகாப்பது, வேறு கலங்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்லில் இருந்து முட்டையோ விந்தணுவோ செய்யும் வழி வரும்வரை பொறுத்திருப்பது என்று வழிகள் பல. கடைசியில் சொன்னதைத்தான் நான் முதலில் எடுக்கப்போகிறேன். அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் மற்றவற்றின் பெறுமதி விளங்கும்.

ஆய்வுகூடம் எங்கே நிற்கிறது

2006இல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஷின்யா யமனாக்கா, எலியின் தோல் கலத்துக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, அதைக் கருவின் தொடக்கப் பருவத்துக்கே திருப்பிக் காட்டினார். அப்படித் திரும்பிய கலத்தை ஐ.பி.எஸ். கலம் என்கிறார்கள். உடம்பின் எந்தப் பகுதியாகவும் அது மாறக்கூடியது. அடுத்த வருடமே மனிதக் கலத்திலும் இது கைகூடியது. 2012இல் ஜோன் கேர்டனோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள்.

தோல் கலம் இதயக் கலமாகலாம், நரம்புக் கலமாகலாம் என்றால் முட்டையாகவும் விந்தணுவாகவும் ஏன் ஆகக்கூடாது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டவர்கள் ஜப்பானிய ஆய்வாளர்களான மிட்டினோரி சாய்தோவும் கட்சுஹிக்கோ ஹயாஷியும். 2011இல் எலியின் ஸ்டெம் செல்களில் இருந்து விந்தணுவின் மூதாதைக் கலங்களை உருவாக்கி எலியின் விதைக்குள் வைத்தார்கள். அங்கே விந்தணு விளைந்தது, குட்டிகளும் பிறந்தன. 2012இல் முட்டை. 2016இல், எலி வாலின் தோலில் தொடங்கி முட்டை முற்றும்வரை எல்லாமே உடம்புக்கு வெளியே, கண்ணாடித் தட்டிலேயே நடந்தது. 2023இல் ஹயாஷி குழு ஆண் எலியின் கலத்தில் இருந்தே முட்டை எடுத்தது. ஒரே குட்டிக்கு இரண்டு தகப்பன்மார்.

எண்களைப் பார்த்தால்தான் உண்மை நிலைமை தெரியும். 2016இல் அப்படி உருவான கருக்களில் 100க்கு நான்குகூடக் குட்டியாகவில்லை. அதே ஆய்வுகூடத்தில் இயற்கையான முட்டையில் இருந்து வந்த கருக்களில் 100க்கு 60 அளவில் குட்டியாகின. 2023இல் வைத்த கருக்கள் 630, பிறந்த குட்டிகள் 7. எலியில் இது பெரிய சாதனை, அதில் சந்தேகமில்லை. ஆனால் 36 வயதுப் பெண் ஒருத்தியின் கணக்கில் இந்த எண்களை வைத்து எதையும் கூட்டவோ கழிக்கவோ முடியாது.

மனிதரில் ஏன் இவ்வளவு கஷ்டம்? ஒரு பெண் சிசு தாயின் வயிற்றில் இருக்கும்போதே அதன் சூலகத்தில் முட்டைகள் உருவாகத் தொடங்கிவிடுகின்றன. பிறக்கும்போது பத்து இருபது லட்சம் இருக்கும். பருவமடையும்போது மூன்று நான்கு லட்சமாகக் குறைந்துவிடும். ஒவ்வொரு முட்டையும் ஒடுக்கற்பிரிவை, அதாவது நிறமூர்த்தங்களை (மரபணுக்களைச் சுமக்கும் இழைகளை) பாதியாக்கும் கலப்பிரிவைத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, பத்து இருபது முப்பது வருடம் அப்படியே கிடக்கும். 46 நிறமூர்த்தங்கள் 23 ஆகவேண்டும். தாயிடம் இருந்தும் தகப்பனிடம் இருந்தும் வந்த மரபணுக்களின் மேலிருக்கும் பழைய இரசாயன அடையாளங்கள் அழிந்து, புதிய அடையாளங்கள் விழவேண்டும். இதில் எங்கேனும் சிறு பிழை விட்டாலும் அதைச் சுமக்கப்போவது பிறக்கும் பிள்ளை. எலியில் சில வாரங்களில் முடியும் இந்த வேலைக்கு மனிதரில் மாதக்கணக்கு வேண்டும். போதாததற்கு, முட்டையைச் சுற்றி நின்று ஊட்டி வளர்க்கும் சூலகக் கலங்களும் பக்கத்தில் இருக்கவேண்டும்.

2018இல் சாய்தோ குழு மனித ஐ.பி.எஸ். கலங்களை எலிச் சூலகக் கலங்களோடு சேர்த்து நான்கு மாதம் அளவில் வளர்த்தது. கிடைத்தவை முட்டைக்கு முந்திய கலங்கள். தாயின் வயிற்றில் இருக்கும் சிசுவின் சூலகத்தில் காணப்படும் பருவம் அது. 2024இல் அதே குழு அந்தப் பழைய அடையாளங்களை அழிக்கும் கட்டத்தைத் தட்டிலேயே நடத்தி, கலங்களைப் பெருமளவில் பெருக்கவும் வழி கண்டது. ஆனால் கருக்கட்டத் தகுந்த மனித முட்டை இந்த வழியில் இன்னும் கிடைக்கவில்லை.

அப்படியென்றால் ஒரிகனில் நடந்தது என்ன? மாமி அனுப்பிய செய்தி பொய்யில்லை, ஆனால் அது இதே வழியும் இல்லை. ஷுக்ராத் மித்தலிப்போவின் குழு தோல் கலத்தின் உட்கருவை (நிறமூர்த்தங்கள் இருக்கும் மையத்தை) எடுத்து, உட்கரு நீக்கிய ஒரு தானமுட்டைக்குள் வைத்தது. பிறகு அந்த முட்டையைக் கொண்டே நிறமூர்த்தங்களில் பாதியை வெளியே தள்ளவைத்தது. 82 முட்டைகள் கிடைத்தன. விந்தணு சேர்த்தபின் 100க்கு 9 அளவில்தான் ஆறாம் நாள் கரு என்ற நிலையை எட்டின. எந்த நிறமூர்த்தம் போகவேண்டும், எது நிற்கவேண்டும் என்ற ஒழுங்கு அங்கே இல்லை. அதனால் கருக்களில் நிறமூர்த்தக் கணக்குப் பிழைத்துப் போயிருந்தது. குறைந்தது இன்னும் பத்து வருட வேலை இருக்கிறது என்று அந்த ஆய்வாளர்களே சொன்னார்கள். இன்னொன்றையும் கவனிக்கவேண்டும்: இந்த முறைக்கும் இன்னொரு பெண்ணின் முட்டை வேண்டும்.

ஹயாஷி 2025இல் சொன்ன மதிப்பீடு ஏழு வருடம் அளவில். அது ஆய்வுகூடத்தில் மனித முட்டையும் விந்தணுவும் கைகூடுவதற்கான காலம். அதற்குப் பிறகுதான் குரங்கில் சோதனை, பிறகு மனிதரில் சோதனை, பிறகு சட்டம். பிரித்தானியாவின் 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி, உடம்பிலேயே விளைந்த முட்டையையும் விந்தணுவையும் மட்டும்தான் சிகிச்சைக்குப் பயன்படுத்தலாம். அந்தச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அங்கே தொடங்கவேண்டும், அதற்கும் பிறகு கொழும்புக்கு வரவேண்டும். இப்போது 36 வயதில் ஏழைக் கூட்டினால் 43, பத்தைக் கூட்டினால் 46. செய்த முட்டைக்கு வயதில்லை என்றே வைத்துக்கொள்வோம். அதைச் சுமக்கும் உடம்புக்கு வயதுண்டு. அந்த வயதுக் கர்ப்பத்தில் பிரஷரும் சீனியும் சும்மா விடாது.

இதை நம்பி இருப்பது அவளைப் பொறுத்தவரை இலவு காத்த கிளியின் கதைதான்.

சொந்த முட்டையோடு, இப்போதே

தங்கச்சிக்கு ஏ.எம்.எச். என்ற ஹோர்மோன் குறைவு. அதாவது சூலகத்தில் மிச்சமிருக்கும் முட்டைகள் வயதுக்கு எதிர்பார்த்ததைவிடக் குறைவு. ஆனால் இருக்கின்றன. கணவரின் விந்துப் பரிசோதனையில் பெரிய குறை இல்லை. இப்படியானவர்களுக்குக் காலம்தான் மிக விலையுயர்ந்த பொருள். பிரித்தானியாவின் கருத்தரிப்பு ஒழுங்குமுறை அமைப்பு 2022ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட கணக்கில், சொந்த முட்டையில் இருந்து வந்த கருவைக் கருப்பையில் வைத்தபோது, 35க்குக் குறைந்த வயதினரில் ஒரு கருவுக்குக் குழந்தை பிறந்த வீதம் 35 சதவீதம் அளவில். 43, 44 வயதில் அது 5 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. இந்த இறக்கத்துக்குக் காரணம் முட்டைதான். அதே பெண்கள் இளம் பெண் ஒருத்தியின் தானமுட்டையை ஏற்றால் எந்த வயதிலும் 30 சதவீதத்துக்கு மேல் வருகிறது.

இந்தக் கணக்கைக் கொழும்புக்கு அப்படியே ஒட்டமுடியாது. ஆய்வுகூடமும் ஆட்களும் வேறு. போகிற இடத்தில், "என் வயதுக்காரருக்கு, வைத்த ஒரு கருவுக்கு எத்தனை பிள்ளை பிறந்தது?" என்று கேட்கவேண்டும். "கர்ப்பம் தரித்த வீதம்" என்று பெரிய எண் ஒன்றைச் சொன்னால், பிறந்த வீதத்தைத் திரும்பக் கேட்கவேண்டும். இரண்டுக்கும் இடையில் கலைந்துபோகும் கர்ப்பங்கள் இருக்கின்றன.

ஐ.வி.எஃப். எப்படி இருக்கும் என்று தெரியாமல் பயப்படுகிறவர்களும் உண்டு, தெரியாமல் துணிகிறவர்களும் உண்டு. மாதவிலக்கின் இரண்டாம் மூன்றாம் நாள் ஸ்கேன். அன்றிலிருந்து பத்துப் பன்னிரண்டு நாள் அளவில் தினமும் ஊசி, வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்துத் தானே போட்டுக்கொள்ளலாம். பிறகு தங்கச்சி தொடங்கியபோது அவளுடைய குளிர்சாதனப் பெட்டியில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் அந்த ஊசிப் பேனா இருந்தது. மருந்தை வாங்கிக்கொண்டு கொழும்பின் காலி வீதி வெயிலில் ஆட்டோவில் வரும்போது ஐஸ் போட்ட பையை மடியில் வைத்துக் கையால் மூடிக்கொண்டே வந்தாளாம், சூடாகிவிடுமோ என்ற பயத்தில். இடையிடையே ஸ்கேன், இரத்தப் பரிசோதனை. கடைசி ஊசி குறித்த மணிக்குப் போடவேண்டும், ஏனென்றால் 36 மணித்தியாலம் அளவில் முட்டை எடுப்பு. மயக்கம் கொடுத்து, யோனி வழியாக ஊசி விட்டு எடுப்பார்கள். பிறகு ஆய்வுகூடத்தில் விந்தணு சேர்த்து ஐந்து நாள் வளர்த்து, கருவை உள்ளே வைப்பார்கள். அப்புறம் இரண்டு வாரக் காத்திருப்பு. உடம்பு படுகிற பாட்டைவிட இந்த இரண்டு வாரம் பெரிய பாடு என்று போய்வந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள்.

செலவு உண்மையில் சுமைதான். மருந்துகள் வெளிநாட்டில் இருந்து வருகின்றன. 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து சில மாதங்களுக்குள் 360ஐத் தொட்டபோது அந்தச் சுமை எப்படி ஏறியது என்பது யாருக்கும் மறந்திருக்காது. ஒரு தடவையில் சரிவரும் என்று எண்ணிக் கையிருப்பு முழுவதையும் அதிலேயே போடக்கூடாது. இரண்டு தடவைக்குத் தாங்குமா என்று முதலிலேயே இருந்து கதைத்து முடிவெடுக்கவேண்டும். தாலிக்கொடியை அடகு வைத்துத் தொடங்குகிறவர்களுக்கு இதை யாராவது முன்கூட்டியே சொல்லவேண்டும்.

ஸ்டெம் செல் இந்த வழிக்குள்ளேயே ஒரு மூலையால் நுழைந்துவிட்டது. ஐ.பி.எஸ். கலங்களில் இருந்து சூலகத்தின் துணைக் கலங்களைச் செய்து, முற்றாத முட்டையை உடம்புக்கு வெளியே அவற்றோடு வைத்து முற்றவைக்கும் முறை அது. கமிட்டோ என்ற அமெரிக்க நிறுவனத்தின் இந்த முறையால் முதல் குழந்தை 2024இல் பெருவின் லீமாவில் பிறந்தது. ஊசிகளின் எண்ணிக்கையைக் குறைக்க இது உதவும். ஆனால் இதற்கும் சூலகத்தில் முட்டை இருக்கவேண்டும், புதிய முட்டையை இது செய்து தராது. தலைப்பை மட்டும் வாசிக்கிறவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இன்னொருவரின் முட்டை, இன்னொருவரின் விந்தணு

சூலகம் முற்றாக நின்றுபோன பெண்ணுக்கு ஐ.வி.எஃப். மட்டும் போதாது. 40 வயதுக்கு முன்னரே இப்படி ஆவது நூறில் ஒரு பெண்ணுக்காவது நடக்கிறது. அவளுக்கு உள்ள உண்மையான தெரிவு தானமுட்டையா, மகவேற்பா, காத்திருப்பா என்பது. வயது 28 என்றால் காத்திருப்பதை முட்டாள்தனம் என்று நான் சொல்லமாட்டேன். பத்து வருடம் போனாலும் அவளுக்கு 38தான். அதற்காக வாழ்க்கையையே நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருக்கவேண்டும் என்பதில்லை. கருப்பைக்கு முட்டையைப்போல வயதாவதில்லை, ஆகவே தானமுட்டைக் கதவு அவளுக்கு நீண்ட காலம் திறந்தே இருக்கும். 35வரை பொறுத்துப் பார்க்கிறேன் என்று ஒருத்தி சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது.

கொழும்பில் இருந்து பலர் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் போகிறார்கள். பாஷை பிரச்சினை இல்லை, தங்க சொந்தக்காரர் இருப்பார்கள். போகிறவர்கள் இந்தியாவின் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தெரிந்துகொண்டு போகவேண்டும். சிகிச்சை பெறும் பெண்ணுக்கு 50 வயது, ஆணுக்கு 55 வயது எல்லை. முட்டை தருகிறவருக்கு 23 முதல் 35 வயது, வாழ்நாளில் ஒரே ஒரு தடவை. மனைவியின் தங்கச்சியிடம் முட்டை கேட்போம் என்று வீட்டிலேயே முடிவெடுத்துவிட்டுப் போய் அங்கே ஏமாறாமல் இருக்க, அங்குள்ள நிபந்தனைகளை முன்கூட்டியே எழுத்தில் வாங்கவேண்டும். குடும்பத்துக்குள்ளே முட்டை வாங்குவதில் இன்னொரு பாரமும் உண்டு. பிள்ளைக்குச் சித்தி முறையானவள் மரபணுவால் தாயாகவும் இருப்பாள். கோயில் திருவிழா, கலியாணவீடு என்று வாழ்நாள் முழுவதும் ஒரே கூட்டத்துக்குள் நிற்கவேண்டும். இரண்டு பேரும், அவர்களின் கணவன்மாரும் சேர்ந்து, வேறு யாரும் இல்லாமல், இதை வெளிப்படையாகக் கதைத்திருக்கவேண்டும்.

ஒளித்து வைக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இன்று எங்கள் பிள்ளைகளின் ஒன்றுவிட்ட சகோதரர்கள் லண்டனிலும் டொரொன்டோவிலும் இருக்கிறார்கள். பிறந்தநாள் பரிசாகவே டி.என்.ஏ. பரிசோதனைப் பெட்டி வாங்கிக் கொடுக்கிறார்கள். எச்சிலைச் சிறு குழாயில் துப்பி அனுப்பினால் உறவுமுறை எல்லாம் திரையில் வந்துவிடும். இருபது வயதில் அப்படித் தெரிந்துகொள்வதைவிட, நாலு வயதில் தாயின் மடியில் இருந்து கேட்டுத் தெரிந்துகொள்வது பிள்ளைக்கு எவ்வளவோ நல்லது. இதில் எனக்கு இரண்டாவது கருத்துக் கிடையாது.

தானவிந்தணு விடயத்தில் சட்டப்பக்கம் ஓரளவு தெளிவு. இலங்கையின் சான்றுக் கட்டளைச் சட்டம் 112ஆம் பிரிவுப்படி, செல்லுபடியான திருமண காலத்தில் பிறந்த பிள்ளை கணவனின் பிள்ளை என்றே கொள்ளப்படும். அந்தச் சட்டம் 1895இல் வந்தது, தானவிந்தணுவை நினைத்து எழுதியதல்ல. ஆகவே இருவரின் சம்மதத்தையும் எழுத்தில் வைத்திருப்பதும், சட்டத்தரணி ஒருவரிடம் ஒரு தடவை காட்டுவதும் நல்லது.

மதமும் இங்கே பேசவேண்டிய விடயம். கத்தோலிக்கத் திருச்சபை 1987இல் வெளியிட்ட போதனையில் ஐ.வி.எஃப். முறையையே ஏற்கவில்லை. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி ஏற்றி நேர்ந்துவிட்டு அங்கிருந்து நேரே கிளினிக்குக்கும் போகிற தம்பதிகள் இருக்கிறார்கள். அந்த மனக்குழப்பத்தை யாரும் சிறிதாக எண்ணக்கூடாது. சுன்னி முஸ்லிம் அறிஞர்களில் பெரும்பாலோர் கணவன் மனைவிக்குள் ஐ.வி.எஃப். ஆகுமென்றும், மூன்றாம் ஆளின் முட்டையோ விந்தணுவோ ஆகாதென்றும் சொல்கிறார்கள். அப்படிப் பின்பற்றும் குடும்பத்துக்குத் தானம் என்ற கதவே கிடையாது. சொந்தக் கலத்தில் இருந்து முட்டை செய்யும் வழிக்கு மற்றவர்களைவிட இவர்களிடம்தான் கூடுதல் பெறுமதி இருக்கும். காத்திருப்பின் கணக்கும் அவர்களுக்கு வேறு.

விந்தணுவே இல்லை என்றால்

இதைப் பற்றி எங்கள் ஆக்கள் வாய் திறப்பதில்லை. ஆறு வருடம் பெண்ணை மட்டும் கோயில் கோயிலாக, டொக்டர் டொக்டராக இழுத்துக்கொண்டு திரிந்துவிட்டு, கடைசியில் ஆணின் விந்தைப் பரிசோதித்தால் அங்கே விந்தணு பூச்சியம். பிள்ளையில்லாத் தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரில் ஆண்பக்கக் காரணம் ஒன்று இருக்கிறது. விந்துப் பரிசோதனை எல்லாவற்றிலும் மலிவு, உடம்பு நோவும் கிடையாது. மனைவிக்கு ஒரு ஊசி போடும் முன்னர் கணவன் இதைச் செய்திருக்கவேண்டும். மாமியார் என்ன நினைப்பார் என்று இழுத்தடிக்கும் ஒவ்வொரு வருடமும் மனைவியின் சூலகத்தில் இருந்துதான் கழிகிறது.

பூச்சியம் என்று வந்தாலும் கதை முடிந்துவிடாது. விதையில் விந்தணு நன்றாக விளைந்து, வரும் குழாய் மட்டும் அடைபட்டிருக்கலாம். அப்படியென்றால் ஊசியால் எடுத்து, ஒரு விந்தணுவை ஒரு முட்டைக்குள் நேரே செலுத்தும் இக்ஸி முறையைச் செய்யலாம். 1992இல் பிரசல்ஸில் இதனால் பிறந்த முதல் பிள்ளைகளின் செய்தி வந்ததில் இருந்து ஆண்களின் குறைக்கு இதுவே பெரிய மருந்து. அடைப்பில்லாமல் விதையிலேயே உற்பத்தி குறைவு என்றால், மைக்ரோ டெஸி என்ற சத்திரசிகிச்சையில் நுணுக்குக்காட்டி வைத்து விதைக்குள் தேடுவார்கள். பாதிப் பேரளவில் ஏதோ ஒரு மூலையில் கிடைத்துவிடுகிறது.

கத்தி வைக்கும் முன்னர் இரண்டு இரத்தப் பரிசோதனைகளைக் கேட்டுச் செய்யவேண்டும்: நிறமூர்த்தப் பரிசோதனையும், வை நிறமூர்த்தத்தில் துண்டு ஏதும் இல்லாமல் போயிருக்கிறதா என்ற பரிசோதனையும். சில துண்டுகள் முற்றாக இல்லையென்றால் எவ்வளவு தேடினாலும் விந்தணு கிடைக்காது. சத்திரசிகிச்சையும் காசும் வீண். ஸ்டெம் செல் வழிக்கும் இங்கே ஒரு தடை இருக்கிறது. அவருடைய தோலிலும் அதே துண்டு இல்லை, ஆகவே அதில் இருந்து செய்யும் கலத்திலும் அது இருக்காது. மரபணுவைத் திருத்தாமல் அந்த வழி அவருக்கு உதவாது.

எக்ஸ் நிறமூர்த்தம் ஒன்று கூடுதலாக இருக்கும் ஆண்களின் கதை நேர்மாறு. கிளைன்ஃபெல்டர் என்று சொல்லும் நிலை. 2017இல் லண்டனின் பிரான்சிஸ் கிரிக் நிறுவனத்தின் ஆய்வில், இப்படியான எலிகளின் தோல் கலங்களை ஐ.பி.எஸ். கலமாக்கும்போது சில கலங்கள் அந்தக் கூடுதல் நிறமூர்த்தத்தைத் தாமாகவே கைவிட்டன. அவற்றில் இருந்து விந்தணு வந்து குட்டிகளும் பிறந்தன. மனிதத் தோல் கலத்திலும் நிறமூர்த்தம் கழிவதைக் கண்டார்கள். மைக்ரோ டெஸியில் ஒன்றும் கிடைக்காத கிளைன்ஃபெல்டர் இளைஞன் ஒருவன், மனைவிக்கும் 25, 26 வயது என்றால், காத்திருக்கலாமா என்று என்னிடம் கேட்டால் இரண்டு மூன்று வருடம் பொறுத்துச் செய்திகளைக் கவனி என்றுதான் சொல்வேன். மனைவிக்கு 34 என்றால் அந்தப் பதிலைச் சொல்லமாட்டேன். தீர்மானிப்பது அவனுடைய தோல் இல்லை, அவளுடைய வயது.

மகவேற்பு

ஐ.வி.எஃப். தோற்றால் பார்க்கலாம் என்று கடைசி வரிசையில் வைக்கப்படும் வழி இது. நான் அப்படி நினைக்கவில்லை. பிள்ளை வளர்க்கவேண்டும் என்பதுதான் ஆசை, வயிற்றில் சுமக்கவேண்டும் என்பது இல்லை என்று இருவரும் மனம் திறந்து சொன்னால், முதலாவதாகவே இதைத் தொடங்கலாம். சட்டம் 1941ஆம் ஆண்டின் மகவேற்புக் கட்டளைச் சட்டம். வளர்க்கப்போகிறவருக்குக் குறைந்தது 25 வயது, பிள்ளையைவிட 21 வயதாவது மூப்பு இருக்கவேண்டும். நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தின் வழியாகப் போய், நீதிமன்றக் கட்டளையோடு முடியும். காலம் எடுக்கும், கடிதம் கடிதமாக அலையவேண்டும்.

அலைச்சலுக்குப் பயந்து, யாரோ ஒருவரின் பிள்ளையைக் கைமாற்றிப் பிறப்புச் சான்றிதழில் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்று தரகர்கள் வருவார்கள். கிட்டவும் சேர்க்கக்கூடாது. 1980களில் இந்த நாட்டில் இருந்து ஐரோப்பாவுக்குப் போன பிள்ளைகளில் பலர் இன்று பெற்றவளைத் தேடி வந்து, தங்கள் பத்திரங்களே பொய் என்று கண்டு நிற்கிறார்கள்.

உறையவைத்தல், அப்புறம் சில எச்சரிக்கைகள்

எதிர்காலத்துக்காக இன்று செய்யத் தகுந்த காரியம் ஒன்று உண்டென்றால் இதுதான். மகரகமை அபேக்ஷா வைத்தியசாலையிலோ வேறெங்கோ கீமோவோ கதிர்ச் சிகிச்சையோ தொடங்கும் இளைஞர்களின் பெற்றோர், உயிர் பிழைத்தால் போதும் என்ற பதற்றத்தில் இதைக் கேட்பதில்லை. பருவமடைந்த ஆண்பிள்ளைக்கு விந்து மாதிரி ஒன்றைக் கொடுத்து உறையவைத்தால் போதும், ஓரிரு நாள் வேலை. பெண்ணுக்கு இரண்டு வாரம் அளவில் வேண்டும், ஆகவே முதல் கீமோவுக்கு முன்னரே டொக்டரிடம் கேட்கவேண்டும். முட்டை உறையவைப்பது பரிசோதனை முறை என்ற நிலையில் இருந்து 2012இலேயே வெளியே வந்துவிட்டது. கலியாணம் தள்ளிப்போகும் பெண்களும் இதை யோசிக்கலாம். 35க்கு முன்னர் செய்தால் பலன் கூட, 40இல் செய்தால் காசுக்குப் பலன் மிகக் குறைவு.

இதற்கு மாறாக, ஸ்டெம் செல் சிகிச்சை வரும் நாளுக்காக இன்று எதையும் சேமிக்கவேண்டியதில்லை. ஐ.பி.எஸ். கலம் செய்யத் தோலோ இரத்தமோ போதும், அது எப்போதும் எங்களிடம் இருக்கும். பிள்ளை பிறக்கும்போது தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமித்தால் நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு மலட்டுத்தன்மை வந்தாலும் உதவும் என்று யாரும் விற்கவந்தால் நம்பவேண்டாம். அந்த இரத்தத்தில் இருப்பவை இரத்தக் கலங்களை உருவாக்கும் ஸ்டெம் செல்கள்.

சூலகத்துக்குள் ஸ்டெம் செல் ஊசி போட்டு முட்டையை மீட்டுத் தருகிறோம் என்ற விளம்பரங்களும் வரத் தொடங்கியிருக்கின்றன. பெயர் ஒன்றாக இருப்பதால் ஜப்பானில் நடக்கும் ஆய்வும் இதுவும் ஒன்றென்று எண்ணிவிடுவார்கள். அங்கே கலத்தைத் தட்டில் முட்டையாக வளர்க்கப் பாடுபடுகிறார்கள். இங்கே ஒரு திரவத்தை உள்ளே செலுத்திவிட்டு நல்லது நடக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். காசு கட்டும் முன்னர், இதனால் பிறந்த பிள்ளைகள் எத்தனை, ஊசி போடாத அதே வயதுப் பெண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா, அந்த ஆய்வு எந்த மருத்துவ இதழில் வந்தது என்று கேளுங்கள். ஏ.எம்.எச். எண் ஏறியது என்பது பதிலாகாது.

தங்கச்சிக்கு நான் சொன்னது இவ்வளவும்தான். அடுத்த மாதவிலக்கின் இரண்டாம் நாள் ஸ்கேனுக்கு நாள் எடுக்கும்படி சொன்னேன். அவள் கணவரிடம் தனியாக, இரண்டு தடவைக்கு மேல் போவதா, தானமுட்டைக்குச் சம்மதமா என்பதை அவள் ஊசி தொடங்கும் முன்னரே இருவரும் இருந்து கதைத்துவிடுங்கள் என்றேன். மருந்து உடம்பில் ஏறியபிறகு, தோற்ற செய்தி வந்த அன்று, அந்தக் கதையைத் தொடங்க யாராலும் ஏலாது.